பட்டறைப் பதில்கள்: பேட்டர்னுக்கு எதற்குக் காசு?

இந்த முறை வந்த கேள்விகளில் ஸ்க்ரோல் சோ, அதாவது மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடி மரத்தை வளைவு வளைவாக வெட்டும் மெஷின் பற்றியவையே அதிகம், அதிலும் பேட்டர்ன் எனப்படும் வெட்டுவதற்கான டிசைன் பற்றியவை. அதனால் கதவு, நிலை, கறையான் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபிக்க வேண்டாம்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் அண்ணா லீவில் வந்தபோது ஒரு ஸ்க்ரோல் சோ கொண்டுவந்து தந்தார். மெஷின் நன்றாக ஓடுகிறது, வெட்டத்தான் டிசைன் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாரும் டொலரில் காசு கேட்கிறார்கள், என்னிடம் கார்ட்டும் கிடையாது. இலவசமாக எங்கே எடுக்கலாம்?
– உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, ஆயுள் முழுக்க வெட்டினாலும் தீராத அளவுக்கு இலவச டிசைன் கிடக்கிறது, தேடும் விதத்தில்தான் விஷயம். தமிழில் தட்டினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஸ்க்ரோல் சோ பேட்டர்ன்’ என்று தட்டி, கடைசியில் ‘பிடிஎஃப்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஸ்டீவ் குட் என்ற அமெரிக்கர் ‘ஸ்க்ரோல்சோ வேர்க்‌ஷொப்’ என்ற பெயரில் தான் வரைந்த பேட்டர்ன்களைப் பல வருடமாக இலவசமாகவே கொடுத்து வருகிறார், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அப்புறம் ‘ஸ்டென்சில்’ என்ற சொல்லைப் போட்டும் தேடுங்கள். சுவரில் வைத்து பெயின்ட் அடிக்கும் ஸ்டென்சிலில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படியே வரைந்திருப்பார்கள், நமக்கு வேண்டியதும் அதுதான். லேசர் மெஷினுக்கு என்று போட்டிருக்கும் டிசைன்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். லேசர் மயிரிழை அகலத்துக்கு வெட்டிவிடும், நம்முடைய பிளேட் அந்த மூலைகளில் திரும்பவே திரும்பாது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘டவுன்லோட்’ என்று பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பட்டன் பெரும்பாலும் விளம்பரம். பேட்டர்ன் என்பது பிடிஎஃப்பாகவோ, எஸ்விஜி என்ற கோட்டுப்பட பைலாகவோ, சாதாரணப் படமாகவோதான் வரும். அதை விட்டுவிட்டு ஏதாவது ஆப் இறக்கச் சொன்னால், கார்ட் இலக்கம் கேட்டால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழும்புங்கள்.

சரி, இறக்குவதற்கு முன் உங்கள் மெஷினைத் திறந்து பிளேட்டின் நுனியைப் பாருங்கள். இரண்டு நுனியிலும் குறுக்கே சின்னப் பின் இருக்கிறதா, இல்லை வெறும் தட்டை நுனியா? விலை குறைந்த மெஷின்கள் பல பின் உள்ள பிளேட்டை மட்டும்தான் ஏற்கும். நடுவில் உள்ள பகுதியை வெட்டி எடுக்க முதலில் துளை போட்டு, பிளேட்டைக் கழற்றி அதற்குள்ளால் விட்டு, திரும்பப் பூட்ட வேண்டும் அல்லவா, பின் உள்ள பிளேட் என்றால் அந்தப் பின்னும் நுழையும் அளவுக்குத் துளை பெரிதாக வேண்டும். சரிகை மாதிரி நுணுக்கமான டிசைனை ஆசைப்பட்டு இறக்கி வைத்துவிட்டு ‘வெட்ட முடியவில்லை’ என்று எழுதுபவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுதான். தட்டை நுனி பிளேட் என்றால் 1.5 மில்லிமீட்டர் துளையே போதும், எந்த டிசைனுக்கும் துணியலாம். பின் பிளேட் என்றால் வெளிக்கோட்டை மட்டும் வெட்டும் மீன், யானை, வண்ணத்துப்பூச்சி வகைகளில் தொடங்குங்கள்.

கேள்வி: கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் மாதிரி ஒரு மான் பேட்டர்ன் எடுத்து, நாலு தாளில் பிரிண்ட் போட்டு ஒட்டினேன். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒருமாதிரி சமாளித்து வெட்டினால் கொம்பு உடைந்துவிட்டது. என்ன பிழை?
– திருகோணமலை நகர வாசகி

பதில்: இரண்டும் வேறு வேறு பிழை தங்கச்சி. முதலாவது உங்களுடையது அல்ல, கொமினிகேஷன் கடைக்காரருடையது. அமெரிக்கர்கள் பாவிக்கும் லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், நாம் பாவிக்கும் ஏ4 210க்கு 297. கடைக் கம்பியூட்டரில் ‘ஃபிட்’ என்று வைத்திருந்தால், அது தாளுக்குள் அடங்குவதற்காகப் படத்தைத் தானாகவே சுருக்கிவிடும். ‘அக்சுவல் சைஸ்’ அல்லது 100 வீதம் என்று வைத்துப் போடச் சொல்லுங்கள். நல்ல பேட்டர்ன்களில் ஓரத்தில் ஒரு அங்குலக் கோடோ கட்டமோ இருக்கும். அடிமட்டம் வைத்துப் பார்த்து 25.4 மில்லிமீட்டர் சரியாக வந்தால்தான் காசைக் கொடுங்கள். ஒரே தாளில் உள்ள டிசைனைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அக்ரோபட் ரீடரில் பிரிண்ட் கொடுக்கும் இடத்திலேயே ‘போஸ்டர்’ என்று ஒன்று இருக்கிறது, அதுவே பல தாளாகப் பிரித்து, ஒட்டுவதற்கு ஓரமும் விட்டுத் தரும். இல்லாவிட்டால் போட்டோகொப்பி மெஷினில் 141 வீதம் என்று சொன்னால் ஏ4 அப்படியே ஏ3 ஆகிவிடும், அதுதான் லேசான வழி.

கொம்பு உடைந்தது மர ரேகையால். கொம்பின் நீளத்துக்குக் குறுக்கே ரேகை ஓடினால் அது சாண்ட் பேப்பர் பட்டாலே முறியும். பேட்டர்னை ஒட்டும்போது மெல்லிய உறுப்பு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்து, ரேகையையும் அந்தப் பக்கமே திருப்பி ஒட்டுங்கள். மான் கொம்பு நாலு திசையிலும் கிளைக்கும் என்பதால் எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு கிளை மாட்டிக்கொள்ளும். ஆகவே மானுக்குப் பலகை வேண்டாம், பிளைவுட்டே நல்லது, அதில் ரேகை அடுக்குக்கு அடுக்கு மாறி மாறி ஓடும்.

தாளை நேரே மரத்தில் ஒட்டாமல், முதலில் மாஸ்கிங் டேப்பை மரத்தில் ஒட்டி, அதன்மேல் பேட்டர்னை ஒட்டுங்கள். வெட்டி முடிந்ததும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும்.

கேள்வி: வாப்பாவுக்காக பிஸ்மில்லாஹ் வெட்டினேன். எழுத்து வந்தது, புள்ளிகள் எல்லாம் கீழே விழுந்துவிட்டன! தமிழில் வீட்டுப் பெயர்ப் பலகையும் செய்ய ஆசை, அதற்கு இலவச எழுத்துரு உண்டா?
– கின்னியா வாசகர்

பதில்: விழாமல் என்ன செய்யும் தம்பி, அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லையே. அரபு எழுத்துக்குப் புள்ளி உயிர், விட்டுவிடவும் முடியாது. இதற்குச் சிறந்த வழி பின்பலகைதான். எழுத்தை ஒரு நிறத்தில் வெட்டி, வேறு நிறத்துப் பலகையில் ஒட்டி, விழுந்த புள்ளிகளையும் தம் இடத்தில் ஒட்டுங்கள். இடம் தவறாமல் இருக்க, பேட்டர்னில் இன்னொரு கொப்பி எடுத்து, பின்பலகையில் கார்பன் தாள் வைத்து முன்கூட்டியே தடம் பதித்துக்கொள்ளுங்கள். விழும் துண்டுகளைப் பொறுக்கிப் போட ஒரு சின்ன டப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், மரத்தூளுக்குள் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு.

தமிழுக்கும் இதே கதைதான். எழுத்து மரமாக நிற்கும்படி வெட்டினால் மெய்யெழுத்துப் புள்ளியும் ஆய்தமும் விழும். எழுத்தை ஓட்டையாக வெட்டினால் புள்ளி பிழைத்துக்கொள்ளும், ஆனால் க, ச, ம போன்றவற்றின் வயிறு விழும், ட, ப மட்டும் தப்பும். விழப்போகிற துண்டுக்கும் பக்கத்து மரத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் வரைந்துவிடுங்கள்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபொன்ட்ஸ் போதும். பலூ தம்பி தடித்த எழுத்து, மரத்துக்கென்றே செய்தது போல இருக்கும், காவிவணர் கையெழுத்துச் சாயல். இரண்டையும் காசில்லாமல் எடுக்கலாம், செய்த பலகையை விற்கவும் தடை இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி பைலை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால், அந்தக் கம்பியூட்டரில் பாமினி இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும், ஆகவே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கோட்டுப்படமாக மாற்றிப் பாலம் வரைவதற்கு இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியிடம் பழைய கோலக் கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவற்றை ஸ்க்ரோல் சோவில் வெட்டலாமா? இணையம் எனக்கு ஒத்துவராது.
– தம்பலகாமம் வாசகர்

பதில்: ஐயா, இந்த மாதம் வந்ததில் எனக்கு ஆகப் பிடித்த கேள்வி இது. மற்றவர்கள் அமெரிக்காவரை போய்த் தேடுவது உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது.

சிக்குக் கோலம் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும் கம்பி ஒவ்வொரு முறையும் இன்னொரு கம்பியைக் குறுக்கே கடக்கிறது, கடக்கும் ஒவ்வொரு இடமும் மரத்தில் ஒரு மூட்டு. பாலம் தேவையில்லை, எதுவும் விழாது, விழுவது புள்ளிகளும் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் மட்டும், அவை விழத்தான் வேண்டும். ஒரு கிராப் தாளில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் அகலத்தில் 4, நீளத்தில் 5 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் கம்பியைக் கடக்கவிட்டு, ஓரத்துக்கு வந்ததும் வளைத்துத் திருப்பினால், தொடங்கிய இடத்துக்கே ஒற்றைக் கம்பியாக வந்து சேரும். ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஒரே கம்பியாக வராது, ஐந்து தனிக் கம்பிகளாகப் பிரியும். கணக்குப் படிப்பித்தவர் என்றால் ஏன் என்று போட்டுப் பாருங்கள், இரண்டு எண்களின் பொதுக் காரணிகளில் பெரியது எதுவோ அத்தனை கம்பி. ஐந்து வந்தாலும் பயமில்லை, அவை ஒன்றையொன்று கடந்துதான் போகின்றன, மரம் பிரியாது.

கோட்டின் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் கூட்டி, கம்பியை 4 மில்லிமீட்டர் பட்டையாக்கிக்கொள்ளுங்கள். இனி அந்தப் பட்டைக்கு உள்ளே அகப்பட்ட வெற்றிடங்கள் எல்லாம் வெட்டி எடுக்க வேண்டியவை: 20 புள்ளிக்கு 20, நாலு புள்ளிகளின் நடுவே வரும் இடைவெளிகள் 12. முதலில் உள்வெட்டு எல்லாவற்றையும் முடியுங்கள், வெளிக்கோடு கடைசி. வெளியை முதலில் வெட்டினால் பிடிப்பதற்கு மரம் இருக்காது, அதிர்வில் கம்பி முறியும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டும் 3ஆம் இலக்க பிளேட்டும் இதற்குச் சரி. பெரிய தேநீர்க் கோப்பை வைக்கும் அளவில் ஒரு தட்டு கிடைக்கும்.

கொப்பியில் பூக்கோலமும் இருக்கும், அதில் அவதானம். தனித்தனியாக நிற்கும் பூவும் இலையும் அப்படியே விழும். பென்சிலை எடுக்காமல் ஒரு ஓரத்திலிருந்து எல்லாக் கோட்டுக்கும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்தக் கோலத்தை விட்டுவிடுங்கள் அல்லது அம்மாவிடம் சொல்லி இரண்டு இதழைச் சேர்த்து வரையச் சொல்லுங்கள். எங்கே சேர்த்தால் அழகு கெடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: இலவசப் பேட்டர்னில் வெட்டியதை நிலாவெளியில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கலாமா? கார்ட்டூன் படங்களுக்குத்தான் கிராக்கி.
– மூதூர் வாசகர்

பதில்: இலவசம் என்றால் விற்கலாம் என்று அர்த்தமில்லை. பேட்டர்னின் அடியில் ‘சொந்தப் பாவனைக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் விற்கக்கூடாது, ஒன்றும் போடாவிட்டால் வரைந்தவருக்கு எழுதிக் கேளுங்கள். கார்ட்டூனை விட்டுவிடுங்கள், அது கம்பனிச் சொத்து.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவருடைய படைப்புரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும். உதாரணத்துக்கு, ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல். அவர் 1947இல் காலமானார், ஆக 2017உடன் அது முடிந்தது. ஸ்கேன் செய்த பிரதி இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது, அதில் கொடி, அன்னம், தாமரை என்று கோட்டுப்படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. திருமலைக்கு வருகிறவர் திமிங்கிலம் பார்க்க வருகிறார், மான் பார்க்கிறார், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறார். ஊருக்குப் போகும்போது கையில் மிக்கி எலி எதற்கு? நீலத் திமிங்கிலத்தின் ஓரக்கோட்டை நீங்களே வரையலாம், இரண்டு வளைவும் ஒரு வாலும்தான்.

கேள்வி: மரக்காலையில் முதிரைத் துண்டு மலிவாகத் தருகிறார்கள். பழகுவதற்கு வாங்கலாமா?
– சாம்பல்தீவு வாசகர்

பதில்: வாங்கி வையுங்கள், பழக வேண்டாம். முதிரை கடினம், மெல்லிய பிளேட் சூடேறி ஓரம் கருகும். பேட்டர்னின் மேல் பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டினால் கருகுவது குறையும், ஆனாலும் கை பழகும்வரை பிளைவுட்டும் மகோகனித் துண்டும் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெல்லிய பலகை ஒரே இரவில் வளைந்துவிடும், வெட்டியதையும் வெட்டாததையும் தட்டையாக அடுக்கி மேலே பாரம் வையுங்கள். எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை வெட்டுகிறவர்கள் மாஸ்க் போடாமல் மெஷினுக்குப் பக்கத்தில் போகக்கூடாது.