லேகோஸில் தட்டிய கதவுகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கொரோனா காலத்தில் பணக்கார நாடுகள் தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கிக் குவித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் ஒரே சோர்வு. அடுத்த கொள்ளைநோய் வந்தால் ஏழை நாடுகள் கையேந்தி நிற்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

நைஜீரியாவின் லேகோஸ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து ஒரு பயணி அந்த விமான நிலையத்தில் வந்து இறங்கும்போதே துவண்டிருந்தார். அவருக்கு எபோலா, ஆளையே கொல்லும் தொற்றுநோய். ஊரோ, கோடிக்கும் மேல் மக்கள் நெருக்கியடித்து வாழும் ஊர். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் மலேரியா என்றுதான் நினைத்தார்கள். நைஜீரியா அதுவரை எபோலாவைக் கண்டதில்லை. ஆனால் மருத்துவர் அமேயோ அடதேவோவுக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பயணியை வெளியே அனுப்பச் சொல்லி லைபீரிய அதிகாரிகள் நெருக்கியும் அடதேவோ மசியவில்லை. அந்த நோயே அந்த மருத்துவரையும் பிடித்தது. ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். நைஜீரியாவில் அப்போது போலியோ ஒழிந்திருக்கவில்லை. அதற்காக 2012இல் ஓர் அவசரகால மையம் அமைத்திருந்தார்கள். அதே முறையில், அங்கே பழகிய ஆட்களையே வைத்து, எபோலாவுக்கும் ஒரு மையத்தைத் திறந்தார்கள். நோயாளிகளோடு பழகியவர்கள் சுமார் 900 பேர். ஒவ்வொருவருக்கும் 21 நாட்கள் காய்ச்சல் இருக்கிறதா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். இப்படி ஏறத்தாழ 18,500 முறை! அவர்களில் ஒருவர் போர்ட் ஹார்கோர்ட் என்ற இன்னொரு நைஜீரிய நகரத்துக்குத் தப்பிப் போய், அங்கேயும் நோய் பரவியது. அங்கேயும் துரத்திப் போய்ப் பிடித்தார்கள். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 சாவு. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. லைபீரியா, சியரா லியோன், கினியா மூன்றிலும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் இறந்த கொள்ளைநோய் இது.

தடுப்பூசியில் நடந்தது அநியாயம்தான், அதற்காகச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் எபோலாவுக்கு அன்று அனுமதி பெற்ற தடுப்பூசி எந்த நாட்டிலும் இல்லை. லேகோஸைக் காப்பாற்றியது, போலியோ ஒழிப்புக்காக வீடு வீடாகப் போய்ப் பழகிய கால்கள்.

அந்தப் போலியோ வேலையும் சும்மா நடக்கவில்லை. 2013 பிப்ரவரியில் நைஜீரியாவின் கானோ நகரில் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகும் நைஜீரியா அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால், அடுத்த வருடம் லேகோஸுக்கு அனுப்ப இப்படிப் பழகிய ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.