டிரான்ஸ் கொழுப்பை மட்டும் அரசுகள் ஏன் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன?

திரவமான தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஓரளவு ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாவதே டிரான்ஸ் கொழுப்பு. பாலிலும் இறைச்சியிலும் இது இயல்பாகவே சிறிதளவு உண்டு. விவாதமெல்லாம் ஆலையில் உருவாவதைப் பற்றியதுதான். வளைந்த குச்சிகளை அடுக்கினால் இடையில் சந்து விழும், நேரான குச்சிகளோ நெருங்கி அமரும். அதுபோல, எண்ணெயின் வளைந்த மூலக்கூறுகள் இச்செயலில் நிமிர்ந்துவிடுவதால் அது கெட்டிப்படுகிறது. நெடுநாள் கெடாது என்பதால் உற்பத்தியாளர்கள் இதை விரும்பினர். ஆனால், இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தி, நல்லதைக் குறைத்து, இது இதய நோய்க்கு வழிவகுக்கிறது.

உணவிலுள்ள கொழுப்பில் இதன் பங்கு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டென்மார்க் 2003இல் விதித்த வரம்பு நிலைத்தது; பிற நாடுகளும் அவ்வழியில் சென்றன. அதே நாடு 2011இல், வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பின் மீது விதித்த வரியோ, மக்கள் எல்லை கடந்து சென்று வாங்கியதாலும் நிர்வாகச் சுமையாலும் சுமார் ஓராண்டிலேயே கைவிடப்பட்டது. உண்பவரின் விருப்பத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. எனினும், நாக்குக்குத் தெரியாத, மாற்று உள்ள ஒரு பொருளை நீக்குவதும், விரும்பி உண்பதன் விலையை ஏற்றுவதும் ஒன்றல்ல என்றே கருதுகிறேன்.

‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் உடல் எடை கூடாது எனப் பலர் எண்ணுவது தவறு. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்குச் சுமார் 9 கிலோ கலோரி ஆற்றல் கிடைக்கவே செய்யும்.