பாலிசி விற்கும் வேலை: சில கேள்விகள், என் பதில்கள்

ஆயுள் காப்பீட்டு முகவராக 19 வருடம் ஓட்டியாயிற்று. புதிதாக வந்தவர்கள் கேட்டவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சொந்தக்காரர்களிடம் ஆறு பாலிசி போட்டாச்சு அண்ணே. இப்போது கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலே நழுவுகிறார்கள். இனி யாரிடம் போவது?

நழுவத்தான் செய்வார்கள், தம்பி. என் சித்தப்பா ஒருவர் இன்னமும் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுவார், கிளம்புவதற்கு. அந்த ஆறு பேரிடமே திரும்பப் போங்கள், ஆனால் விற்க வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் வருவதாகச் சொல்லிவிடச் சொன்னால் போதும்.

கேள்வி: எல்லாம் கேட்டுவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறார்கள். அப்புறம் போனே எடுப்பதில்லை.

பெரும்பாலும் அதற்கு அர்த்தம் மூன்று: பிரீமியம் கட்டுப்படியாகவில்லை, வீட்டில் கேட்க வேண்டும், அல்லது உங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. எது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் கேட்க வேண்டும் என்றால் தப்பு நம்முடையது. கணவன் மனைவி இருவரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போயிருக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் நான் திட்டத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. வெள்ளைத் தாளையும் பேனாவையும் கஸ்டமர் கையிலேயே கொடுத்து, அவர் இல்லாமல் போனால் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று போடச் சொல்வேன். மாதச் செலவு 25,000 என்றால் வருடத்துக்கு 3 லட்சம். சின்னப் பிள்ளை தலையெடுக்கப் பத்து வருடம் என்றால் 30 லட்சம். கடன் பாக்கி ஒரு 12 லட்சம். ஆக 42 லட்சம். இப்போது கையில் இருக்கும் பாலிசி எவ்வளவுக்கு என்று கேட்டால், பலர் சொல்வது இரண்டு லட்சம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் உளறிக் கெடுத்த பாலிசிகள் எனக்கும் உண்டு.

கேள்வி: முதல் பிரீமியத்தில் எனக்கு வரும் கமிஷனைத் தனக்குத் திருப்பிக் கொடு என்கிறார் கஸ்டமர். இன்னொரு முகவர் கொடுக்கிறாராம்.

கொடுக்காதீர்கள். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது; அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். இதைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும்.

கேள்வி: "சர்க்கரை இருக்கிறதை எழுதாதே, பிரீமியம் கூடிவிடும்" என்கிறார் கஸ்டமர். என்ன செய்ய?

எழுதியே ஆக வேண்டும். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, மூன்று வருடம் முடிந்துவிட்டால் பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதைத்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்து பேசுவார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் அவருக்கு ஏதாவது ஆகி, மறைத்தது தெரிந்தால் க்ளைம் பணம் கிடைக்காமல் நின்றுபோகலாம். பேப்பரைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பது அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கேள்வி: பாலிசி பத்திரம் வந்த பிறகு மனசு மாறிவிட்டால்?

பத்திரம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம், அதுவரை காப்பீடு தந்ததற்கான செலவு போக மீதி கிடைக்கும். இதை நானே சொல்லிவிடுவேன். பத்திரம் வந்ததும் நேரில் போய், நாமினி பெயரில் இனிஷியல் சரிதானா என்று சேர்ந்து பார்ப்பேன். இதுவரை இரண்டு பேர் திருப்பித் தந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மறு வருடமே கூப்பிட்டு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுத்தார், தம்பிக்கும் சேர்த்து.