கடற்கரையில் ஓடுபவர்களை ஷட்டர் வேகத்தைக் குறைத்து, பேனிங் செய்து, அதாவது ஆள் தெளிவாகவும் பின்னணி கோடாகவும் விழும்படி கேமராவை அவர் கூடவே திருப்பி, எடுக்கிறேன். 1/15 நொடி வைத்தால் ஆளும் சேர்ந்து கலங்கிவிடுகிறார். எங்கே தவறு?

எடுத்த எடுப்பிலேயே 1/15-க்குப் போனதுதான். ஓடும் ஆளுக்கு 1/60-ல் ஆரம்பியுங்கள், கை பழகியதும் 1/30. 1/15-ல் எனக்கு இன்றும் ஐம்பது எடுத்தால் இரண்டு தேறினாலே பெரிது. கை கால் கலங்கினால் பரவாயில்லை, முகம் தெளிவாக நின்றால் போதும்.

நிற்கும் விதம் முக்கியம். ஆள் எந்த இடத்துக்கு வரும்போது எடுக்க நினைக்கிறீர்களோ, அந்தப் பக்கம் பார்த்துப் பாதங்களை மணலில் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, அவர் வரும் திசையிலேயே பிடித்து, கூடவே திரும்பி வாருங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கிளிக் சத்தம் கேட்டதும் நின்றுவிடாதீர்கள், அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் திரும்பிக்கொண்டே போங்கள். நான் பல நாள் செய்த தவறு அந்த நிறுத்தம்தான். உங்களை நோக்கிச் சாய்வாக ஓடி வருபவரை விட்டுவிடுங்கள், குறுக்கே போகிறவர்தான் இதற்கு ஏற்றவர்.

இன்னொன்று, எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருமுறை ஓடும் நாயை எடுக்க மணலில் குப்புறப் படுத்தேன். நாய் படத்தில் தெளிவாக நின்றது, ஆனால் பின்னால் வெறும் வானம். வானத்தில் கோடு விழ என்ன இருக்கிறது? நாய் அந்தரத்தில் ஒட்டிவைத்தது போல இருந்தது. எழுந்து நின்று எடுத்தேன். பின்னால் அலை நுரை வந்தது, அத்தனையும் வெள்ளைக் கோடுகளாக இழுபட்டது. வேகம் தெரிவதே அந்தக் கோடுகளால்தான். நுரையோ, கூட்டமோ, படகுகளோ, பின்னணியில் ஏதாவது இருக்கட்டும்.

அப்புறம் வெளிச்சம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 (லென்ஸ் துளையை நன்றாகச் சிறிதாக்கிய அளவு) வைத்தாலே ஏறக்குறைய 1/100 வரும். அதில் 1/15-க்கு இறங்கினால் படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் மாட்டும் என்டி 8 என்ற கருப்புக் கண்ணாடி ஃபில்டர் மூன்று ஸ்டாப் குறைக்கும், அதாவது வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும், கணக்கு சரியாகிவிடும். ஃபில்டர் இல்லையா, சூரியன் சாயட்டும். எஃப் 22 வரை மூடலாம்தான், ஆனால் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆளே வராத நேரத்தில் நான் இப்படி விளையாடுவேன்: 1/4 நொடி வைத்து, தொடுவானத்தை ஒட்டியே கேமராவை இழுப்பேன். மணல், நுரை, கடல், வானம் நான்கும் பட்டை பட்டையாக, சாயம் பூசியது போல விழும். கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பட்டை வளைந்துவிடும். அதுவும் சில சமயம் நன்றாகத்தான் இருக்கிறது.