கிரைண்டர் வரும்வரை காலையில் என்ன செய்ய?

கேள்வி: அக்கா, எங்கள் கிரைண்டர் மாவாட்டிக்கொண்டிருக்கும்போதே புகைந்து நின்றுவிட்டது. ஆன்லைனில் ஒரு டேபிள் டாப் கிரைண்டருக்குப் பணம் கட்டி பதினோரு நாளாகிறது. 'இன்று வந்து சேரும்' என்று மூன்று முறை செய்தி வந்ததோடு சரி, பெட்டியைக் காணோம். மாமாவுக்குக் காலையில் இட்லி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. கடை மாவோ ஒரே புளிப்பு. உப்புமா என்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். மூத்தவள் போனில் வெளிநாட்டுக் காலைச் சாப்பாடுகளைக் காட்டி, இதையெல்லாம் செய் என்கிறாள். ஆட்டுரல்தான் கிடக்கிறதே என்கிறார்கள் அத்தை. எனக்கு முதுகுவலி. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, ஆட்டுரல் பக்கம் போகவே வேண்டாம். முதுகுவலியோடு குனிந்து உட்கார்ந்து ஐந்து பேருக்கு மாவாட்டினால், கிரைண்டர் வந்து இறங்குகிற நாளில் நீங்கள் படுத்திருப்பீர்கள். அத்தை அந்தக் காலத்தில் ஆட்டினார்கள், உண்மைதான், ஆனால் அவர்கள் இட்லிக்குத் தினமுமா ஆட்டினார்கள் என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் பழையதும் கஞ்சியும். கோயம்புத்தூர்க்காரர்கள் மோட்டார் வைத்த கிரைண்டரைச் செய்து ஊர் ஊராக அனுப்பிய பிறகுதான் இட்லி தினசரிச் சாப்பாடு ஆனது. மாமா சின்ன வயதில் எதைச் சாப்பிட்டு வயலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போனார் என்று கேளுங்கள், அவரே பழையதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அதனால் வாரத்தில் இரண்டு நாள் பழையது போடுங்கள். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், முந்தின நாள் குழம்பைச் சுண்ட வைத்தது, முடிந்தால் காணத் (கொள்ளு) துவையல். துவையலுக்கு மிக்ஸி போதும். இன்னொரு நாள் புட்டும் சிறுபயறும், ஒரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். இதற்கெல்லாம் அரிசியை மில்லில் கொடுத்துத் திரித்து வைத்துக்கொண்டால் பத்து நாள் ஓடிவிடும். மில்லுக்குப் போகும்போது, தோல் உளுந்தை வறுத்துக் கொஞ்சம் அரிசியும் சேர்த்துத் தனியாகத் திரித்து வாங்கி, உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டுங்கள். உங்களுக்கும் நல்லது, உங்கள் மகளுக்கும் நல்லது.

அப்புறம் மூத்தவள் விஷயம். அவளைத் தடுக்காதீர்கள், அந்த வீடியோக்களை அவளோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். ஜப்பான்காரர்களின் பழைய முறைக் காலைச் சாப்பாடு என்ன தெரியுமா? சுடுசோறு, சோயா பீன்ஸைப் புளிக்க வைத்த மிசோ கரைத்த சூப், சுட்ட மீன், கொஞ்சம் ஊறுகாய். நம் வீட்டுச் சோறு, ரசம், சுட்ட கருவாட்டோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம்? பர்மாவில் காலையில் மொஹிங்கா, அரிசி நூடுல்ஸின் மேல் மீன் குழம்பு ஊற்றியது. எத்தியோப்பியாவில் டெஃப் என்கிற மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, ஆப்பம் போல ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு இஞ்சேரா சுடுகிறார்கள். அது மிஞ்சினால் பிய்த்துப் போட்டு மசாலாவில் பிரட்டியதுதான் மறுநாள் காலைச் சாப்பாடு, நாம் மிஞ்சின இட்லியை உதிர்த்து உப்புமா செய்கிற மாதிரியே. மெக்சிகோவில் மீந்துபோன சோள ரொட்டியைப் பொரித்து மிளகாய்ச் சாற்றில் போடுகிறார்கள். கோஸ்டா ரிக்காவில் முந்தின நாள் சோற்றையும் வேகவைத்த கருப்பு பீன்ஸையும் வெங்காயம், கொத்தமல்லித்தழை போட்டு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கடைசி ஒன்றை நாளைக்கே செய்யலாம், கருப்பு பீன்ஸுக்குப் பதில் தட்டப்பயறு போடுங்கள், பக்கத்தில் ஒரு முட்டை. நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது. எகிப்துக்காரர்கள் ஒரு வகை மொச்சையை ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டில் வேகவைத்து, சீரகப்பொடியும் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். நம் ஊர் மொச்சையைக் குக்கரில் குழைய வேகவிட்டாலே போதும்.

இதில் பல ஊர்களில் காலைச் சாப்பாட்டு வேலையில் பாதி முந்தின ராத்திரியே முடிந்துவிடுகிறது, கவனித்தீர்களா? விடிந்தும் விடியாமலும் எழுந்து அடுப்படியில் நிற்பவளுக்கு அது ஒரு ஒத்தாசை. ஜப்பானில் 1955இல் தோஷிபா மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி என்கிற சிறு பட்டறைக்காரர். விறகடுப்பில் சோறு பொங்க ஜப்பானியப் பெண்கள் விடியும் முன்னே எழுந்து, தீயைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்த காலம் அது. மினாமியின் மனைவி ஃபுமிகோதான் நாள்தோறும் சோறு வடித்து, சூட்டை அளந்து குறித்து, அது சரியாக வரும்வரை பாடுபட்டார். சோற்றுப் பாத்திரத்தைச் சுற்றியிருக்கிற வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் சுமார் இருபது நிமிடத்தில் வற்றும், வற்றியதும் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், உடனே சுவிட்ச் தானாக அணைந்துவிடும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஒரு பெண்ணுக்கு அது கொடுத்தது விடிகாலையில் இன்னும் கொஞ்சம் தூக்கம். நீங்கள் பதினோரு நாளாகக் காத்திருப்பதும் அதற்குத்தான். வீட்டில் யாராவது, ஒரு கிரைண்டருக்கு இத்தனை அவசரமா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, மாமாவின் இட்லி. மளிகைக் கடையில் இட்லி ரவை கிடைக்கும். ஒரு டம்ளர் உளுந்துக்கு இரண்டு டம்ளர் ரவை. உளுந்தை மட்டும் மூன்று, நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே நிறுத்தி அரையுங்கள். மிக்ஸி பிளேடு மாவைச் சூடாக்கிவிடும், சூடானால் சரியாகப் பொங்காது, அதனால்தான் ஐஸ் தண்ணீர். ரவையைக் கழுவி ஊறவைத்துப் பிழிந்து போட்டு, உப்பும் சேர்த்துக் கையாலேயே நன்றாகக் கலக்குங்கள். ராத்திரி முழுக்க நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற வாயுவை உளுந்தின் வழவழப்புதான் பிடித்து வைக்கிறது, ஆகையால் உளுந்து அரைபடுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். எள்ளு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் வைத்தால் மாமா இரண்டு கூடவே கேட்பார்.

பெட்டிக்கு வருவோம். எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது, பெட்டி பக்கத்து ஊரில் எட்டு நாள் கிடந்திருக்கிறது, வீடு எங்கே என்று கேட்டு யாரும் போன் பண்ணவே இல்லை. முகவரியில் உள்ள போன் எண்ணையும் பின்கோடையும் இன்றைக்கே சரிபாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, புகார் எண் வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். இன்னும் நான்கு நாளில் வராவிட்டால் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள், திருநெல்வேலியில் போய்க் கண்ணால் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பழைய கிரைண்டரையும் எடைக்குப் போடாமல் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் ஒரு தடவை காட்டுங்கள், காயில் மட்டும் போயிருந்தால் கட்டி ஓட்டலாம்.

பெட்டி வந்தால் பிரிக்கும்போதே மூத்தவளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வழியில் போட்டு உருட்டியதில் கல்லில் கீறல் விழுந்திருக்கலாம், விரலால் தடவிப் பாருங்கள். ஊறின பழைய அரிசியை இரண்டு, மூன்று தடவை ஆட்டிக் கொட்டிவிடுங்கள், கல் தூள் எல்லாம் அதோடு போய்விடும். தண்ணீர் தெளிந்து வந்த பிறகு உளுந்தைப் போடலாம்.