தண்டல் வாங்கி மாவு வியாபாரம்: ஆப்பில் 2 லட்சம் கடன் எடுக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினம் 60 கிலோ போகிறது. கிலோ 45 ரூபாய். செலவு போக 10 ரூபாய் நிற்கும். இதில் 12 கிலோ, மெஸ் நடத்தும் என் கொழுந்தனார் கடனுக்கு எடுப்பது. பாக்கி 38,000 ஆகிவிட்டது. அரிசி, உளுந்துக்குத் தினம் 200 ரூபாய் கட்டும் தண்டல் கடன் வாங்கி ஓட்டுகிறேன். க்யூஆர் ஆப்பில் 2 லட்சம் கடன் தருகிறார்களாம். வாங்கி பேக்கிங் மெஷின் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, பணம் ஒழுகுவது ஒரே இடத்தில். காசுக்கு விற்கும் 48 கிலோவில் தினம் 480 ரூபாய் லாபம். கொழுந்தனாருக்குப் போகும் 12 கிலோவுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் என்று கையிலிருந்து 420 போகிறது. மிச்சம் 60 ரூபாய். அதில் தண்டலுக்கு 200 எப்படிக் கட்டுவீர்கள்? 38,000 பாக்கி என்றால் 70 நாளாக அவர் ஒரு பைசா தரவில்லை என்று அர்த்தம். மிஞ்சினால் புளித்துவிடும் என்று கொடுக்கிறீர்கள். அந்த 12 கிலோவை அரைக்காமல் இருந்தாலே தினம் 420 மிச்சமாகுமே!

தண்டல் கணக்கையும் பாருங்கள். 20,000 என்று எழுதி 17,000 தருகிறார்கள், 100 நாள் 200 கட்டுகிறீர்கள். தினமும் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் நிற்பது 8,500தான். அதற்கு 3,000 வட்டி என்றால் மாதம் பத்து வட்டிக்கும் மேல். அந்த 3,000 சம்பாதிக்க 300 கிலோ மாவு அரைக்க வேண்டும்.

ஓடுகிற தண்டலை அவசரப்பட்டு அடைக்காதீர்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார்கள், பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் பாதியில் "புதுத் தண்டல் போட்டுக்கோங்க" என்பார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். சரக்குக்குப் பணம் போதாவிட்டால் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள்; ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 20,000க்கு 100 நாள் வட்டி சுமார் 550தான். ஆப் கடனும் தினமும் வசூலிலிருந்து பிடிக்கும் தண்டல்தான், மெஷின் வந்தாலும் கொழுந்தனார் பாக்கி அப்படியேதான் நிற்கும்.

நாளை முதல் அவருக்குக் காசுக்கு மட்டும் மாவு. பழைய பாக்கிக்குத் தினம் 100 ரூபாய் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் பேச்சு வரும், உங்கள் கணவரே போய்ச் சொல்லட்டும். தண்டல் முடிந்து மூன்று மாதம் கையிருப்பு நின்ற பிறகு, 50,000 வரை ஈடில்லாமல் கிடைக்கும் முத்ரா சிசு கடனை வங்கியில் கேளுங்கள். மெஷினை அப்புறம் பார்க்கலாம்.