ரப்பர் மரத்தில் கறையான் மண் ஏறுகிறதா? கட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

அண்ணே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் காட்டோரமாக நிற்கும் ரப்பர் மரங்களில் மண் ஏறுகிறது, இரண்டு மரத்தில் இலை பழுத்துவிட்டது, மண்ணெண்ணெய் ஊற்றலாமா, வெட்டி வேலிக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம்.

முதலில் அந்த மண்ணைக் கொஞ்சம் பெயர்த்து, பெரிய தலையுள்ள கறையானைக் குச்சியால் சீண்டிப் பாருங்கள். தலையிலிருந்து பால்போல வெள்ளைத் துளி கசிந்தால் அது கோப்டோடெர்மிஸ் என்ற கறையான் வகை. மேட்டுப் புற்றுக் கறையான் பெரும்பாலும் பட்ட கட்டையைத்தான் தின்னும், இது பச்சை மரத்தையே குடையும். நம் காட்டுப் பூச்சிதான், ஆனால் காட்டை அழித்து ரப்பரும் செம்பனையும் நட்ட இடத்தில்தான் இதன் ஆட்டம் அதிகம். இதன் உறவு இனம் ஒன்று மரத்தோடும் படகோடும் கடல் தாண்டிப் போய் 1996-இல் அமெரிக்காவின் மயாமியில் பிடிபட்டது, அதனால்தான் கட்டையை நகர்த்தாதீர்கள் என்கிறேன்.

மண்ணெண்ணெயில் மேலே இருப்பதுதான் சாகும், கூடு அப்படியே இருக்கும். உரிமம் உள்ள ஆளை வைத்து நல்ல மரங்களின் அடிமண்ணில் ஃபிப்ரோனில் என்ற கறையான் மருந்தை ஊற்றச் சொல்லுங்கள். வீட்டுப் பக்கம் குளோர்ஃபுளுவாசுரோன் என்ற மருந்து கலந்த இரை வைக்கலாம், தின்றது மற்றதற்கு ஊட்டும், தோல் உரிக்க முடியாமல் கூடே அழியும், ஆனால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். அப்புறம், அந்த இரண்டு மரத்தடியில் பிள்ளைகளை விடாதீர்கள், உள்ளே குடைந்து வெறும் கூடாகியிருந்தால் சின்னக் காற்றுக்கே சாய்ந்துவிடும்.